ஐஸ்பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோன பிள்ளைகள்

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆக்லண்டில், மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு வாடகை வீட்டுக் கராஜில், யாரோ தூக்கி எறியப்போன பழைய ஃப்ரீசர் ஒன்று. அதுதான் தொடக்கம். வங்கி கடன் தரமாட்டேன் என்றது, தராமலே கட்டினேன். கராஜுக்குள் உணவு செய்து விற்கக்கூடாது என்று கவுன்சிலில் இருந்து ஒருவர் வந்து சொன்னார். கராஜ் இல்லாத இடமாகப் பார்த்து எடுத்தேன். சான்ட்ரிங்ஹாம் மெயின் ரோட்டில் கடை, கடைக்குப் பின்னால் நீங்கள் இப்போது நிற்கிற சமையற்கூடம், அதற்கும் பின்னால் ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய குளிரறை. குல்பி, மாம்பழ ஐஸ், பலூடா எல்லாம் இங்கேயிருந்துதான் நகரம் முழுக்கப் போகின்றன. லின்ஃபீல்டில் வீடு, மோர்ட்கேஜ் முடிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகள் பட்டதாரிகள். நான் தமிழில் கேட்கிறேன், அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள், வேலை நடக்கிறது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்தில் இல்லை, கடற்கரையில். இப்போது உணவு விஞ்ஞானம் படித்த ஒருவரும், கணக்கியல் படித்த ஒருவரும், மெஷின் படித்த ஒருவரும் என்னிடம் சம்பளம் எடுக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. தகவலுக்குச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றுவிட்டேன். ஓய்வு என்றால் சனிக்கிழமை மட்டும் வருவது. மகள்தான் எல்லாம் பார்க்கிறாள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவள்தான் கேட்டாள். "அப்பா, ரூ பேஜஸ், ஓகே?" என்றாள். இரண்டு பக்கம் போதாது.

போன சனிக்கிழமை நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உங்களில் பலர் அப்போது கடையில் நின்றீர்கள். திருச்சியில் இருந்து படிக்க வந்து, பகுதி நேரமாக நம்மிடம் வேலை செய்கிற தம்பி, ஒரு அம்மாவுக்குப் பெரிய பெட்டி குல்பி விற்றார். நம் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் 'வீடு எவ்வளவு தூரம்?' என்று கேட்கவேண்டும். தம்பி கேட்கவில்லை. அந்த அம்மாவின் வீடு ஹாமில்டனில், காரில் ஒன்றரை மணி நேரம். பின்னேரம் ஃபோன் வந்தது. மகள் ஸ்பீக்கரில் போட்டாள். ஹாமில்டனில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள். பெட்டிக்குள் பாயசம்.

"சார், அவங்க ஹாமில்டன் போறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் தம்பி.

"கேட்டாத் தெரியும்."

"ஐஸ் உருகும்னு அவங்களுக்குத் தெரியாதா சார்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

அது சரியில்லை. ஐஸ் உருகும் என்று தெரியாத சின்னப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று இரண்டு பேர் இல்லை, ஒரு பள்ளிக்கூடம் முழுதும்.

யாழ்ப்பாணத்தில் சண்டை முடிந்து, ஓடிப்போன சனம் திரும்பி வந்திருந்த காலம். முடிந்தது என்றால் எங்கள் பக்கத்தில் முடிந்தது. மற்றப் பக்கங்களில் நடந்துகொண்டிருந்தது. தெற்கே போகிற பாதை பூட்டு. சாமான் எல்லாம் கப்பலில்தான் வரவேண்டும். கப்பல் வந்தால் குளிக்கச் சவர்க்காரம் வரும், வராவிட்டால் வராது. கரண்ட் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டு ஃப்ரிஜ்ஜுக்குள் அரிசி இருந்தது, எலி போகாது. ஆறு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு ஃப்ரிஜ் என்றால் வெள்ளை நிற அலுமாரி. அதற்குள் ஒரு காலத்தில் குளிர் இருந்தது என்று சொன்னால் சிரிக்கும்.

நான் அப்போது கடற்கரையில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் மெஷின்காரன். ஊரில் எனக்கு ஐஸ் அண்ணை என்று பெயர். ஜெனரேட்டருக்கு டீசல் அனுமதியோடுதான் வரும். ஐஸ் மீனுக்கும் ஆசுபத்திரிக்கும் மட்டும். வேறு எதற்கும் ஒரு கட்டி கொடுக்க முடியாது.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு வரைதான். அதன் தலைமை ஆசிரியையைப் பெரிய ரீச்சர் என்போம். ஒருநாள் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஐஸ் அண்ணை, ஐஸ்பழம் செய்ய ஏலுமோ?" குச்சி ஐஸை எங்கள் ஊரில் ஐஸ்பழம் என்போம்.

"ஆருக்கு ரீச்சர்?"

"என்ரை பிள்ளையளுக்கு. பள்ளிக்கூடம் திறந்திட்டன். வாங்கு இருக்கு, கரும்பலகை இருக்கு, நான் இருக்கிறன். பிள்ளையள்தான் இல்லை."

காரணம் எனக்கும் தெரியும். வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஆமியின் சென்றிக் காவலரண் இருந்தது. பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். தாய்மார் பிள்ளைகளை வீட்டு வாசல் படலைக்கு வெளியே விடமாட்டார்கள்.

"மாதம் முடியிறதுக்குள்ளை பிள்ளையள் வராட்டில் கல்விக் கந்தோர்க்காரர் பூட்டிப்போடுவினம்," என்றார் ரீச்சர். "அங்காலை இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தோடை சேர்த்துவிடுவினமாம். இந்தச் சின்னதுகள் அவ்வளவு தூரம் நடக்குமே? அதோடை படிப்புச் சரி."

"ஐஸ்பழம் குடுத்தா தாய்மார் விடுவினமோ?"

"விடமாட்டினம். ஆனா பிள்ளையள் நாள் முழுக்க அழுதா என்ன செய்வினம்?"

இதைத்தான் படிப்பு என்கிறது.

டீசல் இல்லை என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அடுத்த கிழமை மீன்பிடிக்கத் தடை வந்தது. மீன் இல்லை என்றால் ஐஸ் எதற்கு? முதலாளி மெஷினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். நிறுத்திவிட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் கையை வைத்துப் பார்த்தேன். எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. மெஷின் நின்றாலும் தொட்டி உடனே சூடாகிவிடாது. சின்ன அச்சுகளை இறக்கினால் இரண்டு தரம் உறைய வைக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். உங்களில் மெஷின் படித்தவர் இதைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். சரியாக வரும்.

"முதலாளி, தொட்டிக்குள்ளை இருக்கிற குளிரை நான் எடுக்கலாமோ?"

"குளிரை என்னண்டடா எடுப்பாய்?"

"எடுத்துக் காட்டிறன்."

அவர் சிரித்தார். சிரித்தால் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன். தொழிலில் இது முக்கியம்.

பழைய ஐஸ்பழ அச்சுகள் பின்னால் கிடந்தன. தேய்த்தேன். இனிப்புக்குப் பனங்கட்டி. குச்சிக்குப் பனைமட்டை சீவினேன். கலருக்குப் பீற்றூட், தெற்கே அனுப்ப வழியில்லாமல் தோட்டக்காரர்கள் அதை மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல இரத்தச் சிவப்பு வந்தது. அன்றைக்கு அந்தக் கலரைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

உமி நிரப்பிய பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மணி அடித்தபடி வீடுகளைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மணிச் சத்தத்துக்கு வெளியே ஓடிவந்தவர்கள் பிள்ளைகள் இல்லை, தாய்மார். பிள்ளைகளுக்கு அந்த மணி என்னவென்று தெரியாது. தாய்மார்தான் படலையில் நின்று விளங்கப்படுத்தினார்கள். பிறகு ரீச்சர் சொன்னபடியே நடந்தது. பிள்ளைகள் அழுதார்கள். தாய்மார் சென்றி வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். வகுப்பறை வாங்குகள் நிறைந்தன.

ஐஸ்பழத்தை வெளியே எடுத்தால் புகை வரும் இல்லையா? பிள்ளைகள் ஊதினார்கள். தேத்தண்ணீரை ஊதுகிற மாதிரி, கன்னத்தை உப்பி, கவனமாக ஊதினார்கள். "சுடுது ரீச்சர்," என்றது ஒன்று. ரீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தொழிலைப் பார்த்தேன்.

முன் வாங்கில் சிந்து என்று ஒரு பிள்ளை. ஒரு தரம் நக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டது.

"மாமா, இதை நான் வைச்சிருக்கலாமோ?"

"ஓம் பிள்ளை, உன்ரைதானே."

நான் சொன்ன பதில் சரியானதுதான். கேள்வி எனக்கு முழுதாக விளங்கவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியைக் கிணற்றடியில் கழுவப் போய்விட்டேன். ரீச்சர் அடுத்த அறைக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு கடி கடித்துவிட்டு, மிச்சத்தை எழுதுகிற கொப்பிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்து, பையை மூடி, கைகட்டி இருந்தார்கள். வீட்டில் தம்பி இருக்கிறான், தங்கச்சி இருக்கிறாள், அம்மா இருக்கிறா. நல்ல சாமான் கிடைத்தால் பாதியை வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் அந்தக் காலத்துப் பழக்கம். பிஸ்கற் என்றாலும் அப்படித்தான், பனங்கட்டி என்றாலும் அப்படித்தான். ஐஸ்பழத்தில் மட்டும் அது சரிவராது என்பதை அவர்களுக்கு யார் சொன்னது?

பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகள் வரிசையாகச் சென்றிக்குப் போனார்கள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். அந்தப் பக்கத்தில் தாய்மார் நின்றார்கள். வரிசையில் முதலாவது சிந்து. அவளுடைய பையின் அடியில் இருந்து சிவப்பாக ஒழுகி, வெள்ளைச் சட்டையின் பின்பக்கம் நனைந்து, காலால் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் நின்ற அவளுடைய தாய் கத்திய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. கத்தினதும், மண்மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்கள் துவக்குகளை நீட்டிக்கொண்டு எழும்பினார்கள். யாரும் அசையவில்லை. இளம் ஆமிக்காரன் ஒருவன் மட்டும் முன்னுக்கு வந்து, பையை வாங்கித் திறந்தான்.

"என்னா இது?"

"ஐஸ்பழம்," என்றாள் சிந்து.

"எங்க?"

இரண்டு பேரும் குனிந்து உள்ளே பார்த்தார்கள். சிவப்புத் தண்ணீர். நனைந்த கொப்பி. ஒரு குச்சி.

சிந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நீதான் எடுத்தனீ!"

"நான் எடுக்க இல்ல."

"எடுத்திட்டாய்! உள்ளைதான் வைச்சனான். தா!"

அவன் என்ன செய்வான் என்று நான் பயந்தேன். அவன் தன்னுடைய காற்சட்டைப் பொக்கற்றை வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு சீப்பு விழுந்தது. வேறு ஒன்றும் இல்லை. மற்றப் பொக்கற்றையும் இழுத்தான். அதற்குள் பின்னால் நின்ற பிள்ளைகளும் தங்கள் பைகளைத் திறந்துவிட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அழத் தொடங்கின. ஒரு பள்ளிக்கூடமே சென்றியில் நின்று, ஆமி தங்கள் ஐஸ்பழத்தைக் களவெடுத்துவிட்டது என்று அழுதது.

மூட்டைக்குப் பின்னால் இருந்து பதவியில் கொஞ்சம் பெரியவன் ஒருவன் வந்தான். யார் வேலை இது என்று சிங்களத்திலும் கையாலும் கேட்டான். எல்லாப் பிள்ளைகளும் என்னைக் கை காட்டின.

பணி அனுபவம் எழுதச் சொன்னால் எல்லாரும் சாமான் விலை ஏறினதையும் ஆள் கிடைக்காததையும்தான் எழுதுவார்கள். நான் இந்த இடத்தை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த சிங்களம் மீன், ஐஸ், எவ்வளவு என்கிற அளவுக்குத்தான். பீற்றூட்டுக்குச் சிங்களம் தெரியாது. விளங்கப்படுத்தப் போனால் வாய் குழறும், குழறினால் சந்தேகம் வரும். திரும்பிப் போனால் அதைவிட மோசம். ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. பெட்டியைத் திறந்தேன்.

உமிக்குள் இரண்டு ஐஸ்பழம் மிச்சம் இருந்தன, முதலாளிக்குக் காட்ட வைத்தவை. ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தேன். ஒரு பாதியை அந்த இளம் ஆமிக்காரனின் உள்ளங்கையில் வைத்தேன். மற்றப் பாதியைச் சிந்துவின் கையில் வைத்தேன். வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன்.

நல்ல வெயில். துவக்கோடு நின்றவர்கள் பார்த்தார்கள். தாய்மார் பார்த்தார்கள். பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சிவப்புத் தண்ணீர் அவன் விரல்களுக்கு நடுவால் இறங்கிச் சொட்டியது. சிந்து தன்னுடைய கையைப் பார்த்தாள். பிறகு அவனுடைய கையைப் பார்த்தாள்.

"உன்ரையும் போகுது," என்றாள்.

"போகுது," என்றான் அவன்.

பெரியவன் நிலத்தில் கிடந்த சிவப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். போகலாம் என்று கை காட்டினான். துவக்குகள் கீழே இறங்கின. அவசரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்தவனுக்குத்தான் தொழில் தெரியும் என்பது என் கருத்து. நம் கடையில் குளிரறை பழுதானால் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கிறீர்கள். கவனித்திருக்கிறேன்.

ஆனால் சிந்து நகரவில்லை.

"அப்ப தம்பிக்கு?"

தம்பி அந்தப் பக்கத்தில் தாயின் இடுப்பில் இருந்தான். பெட்டிக்குள் ஒரு ஐஸ்பழம் இருந்தது. கொடுத்திருக்கலாம். ஆனால் வரிசையில் நின்ற எல்லாருக்கும் தம்பியோ தங்கச்சியோ இருந்தார்கள். எல்லாரும் பெட்டியையே பார்த்தார்கள். மூடினேன்.

"நாளைக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வா. அங்கை நிண்டு சாப்பிடலாம்."

தாய் பாய்ந்தாள். "நாளைக்கு ஒருத்தரும் வராயினம்! உங்கடை ஐஸ்பழமும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். பிள்ளையை வெட்டிப்போட்டாங்கள் எண்டு நினைச்சிட்டன். நெஞ்சு நிண்டுபோச்சு எனக்கு."

"அக்கா, நீங்களும் வாங்கோ. உங்களுக்கும் ஒண்டு."

"எனக்கென்னத்துக்கு?" என்றாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு, "என்ன, பால் ஐஸ்பழமோ?"

"பால் இல்லை அக்கா. பீற்றூட்."

"பீற்றூட்டோ! ஆறு வருசமா அதைத்தானே தின்னுறம்." பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்ப் பெரிய ரீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முதலில் கொப்பிகள்தான் நினைவுக்கு வந்தன. "ஐஸ் அண்ணை, ஒரு கொப்பிக்குக் கப்பல் வரவேணும், தெரியுமே?" என்றார். தெரியும் என்றேன். பிறகு, "நாளைக்கும் ஐஸ் இருக்கோ?" என்று கேட்டார்.

"தொட்டியிலை ஒரு தரத்துக்குக் குளிர் இருக்கு. அதோடை சரி."

"அப்ப அது நாளைக்கு வேணும். வீட்டு ஆக்கள் எல்லாருக்கும்."

அச்சுகளில் பாதி பாதியாக ஊற்றினேன். சின்னதாக வந்தாலும் நிறைய வரட்டும் என்று. அடுத்த நாள் காலையில் பெட்டியோடு பள்ளிக்கூட வாசலில் நின்று மணி அடித்தேன். ஒருவரும் இல்லை. பெரிய ரீச்சர் படலையில் நின்றார். திரும்ப அடித்தேன். சென்றியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வேறு அசைவு இல்லை.

"ஐஸ் அண்ணை, வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுங்கோ. வீணாப் போகாதே?" என்றார் ரீச்சர். குரல் இறங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் என்னுடைய மூளை வேலை செய்தது. வீடு வீடாகக் கொண்டுபோனால் பிள்ளைகள் தின்னும், சந்தோசப்படும், பள்ளிக்கூடம் பூட்டுப்படும். இங்கேயே நின்றால் ஐஸ் எல்லாம் தண்ணீராகப் போகலாம். ஐஸ் விற்கிறவன் எல்லாரும் ஐஸைக் காப்பாற்றத்தான் பார்ப்பான். நான் பார்க்கவில்லை.

"உருகட்டும் ரீச்சர். நான் இஞ்சைதான் நிப்பன்."

மணியை மட்டும் விடாமல் அடித்தேன். பெட்டியின் மூலையால் சிவப்பாகச் சொட்டத் தொடங்கியது. ரீச்சர் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தவள் அந்தத் தாய்தான். இடுப்பில் மகன், கையில் சிந்து. சென்றியில் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சிந்து பையைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். வெறும் பை. அவர்களுக்குப் பின்னால், யார் முதலில் போவது என்று படலைகளுக்குள் பார்த்துக்கொண்டு நின்ற மற்றவர்களும் வந்தார்கள். தாய்மார், தம்பிமார், தங்கச்சிமார், கிழவர்கள்கூட.

"பிள்ளை விடியத் தொடக்கம் அழுகுது," என்று தாய் என்னைப் பார்த்து முறைத்தாள். "நான் ஐஸ்பழத்துக்கு வரேல்லை."

"ஓம் அக்கா," என்று ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

பெரிய ரீச்சர் விடவில்லை. முதலில் ஒன்றை மேசையில் வைத்து, எல்லாரையும் சுற்றி நிற்க வைத்து, அது உருகி முடிகிற வரைக்கும் பார்க்கச் செய்தார். அதுதான் அன்றைய பாடம். பிறகுதான் தின்னவிட்டார். சிந்துவின் தம்பி ஊதினான். சிந்து அவன் தலையில் குட்டி, "ஊதாதை, நக்கு. கெதியா நக்கு," என்றாள். வந்த தம்பிமாரில் வயது சரியாக இருந்தவர்களை ரீச்சர் அங்கேயே சேர்த்துக்கொண்டார். அதற்கடுத்த நாள் ஐஸ் இல்லை, பிள்ளைகள் வந்தார்கள். மாதம் முடிந்தது, பள்ளிக்கூடம் பூட்டவில்லை. வேலியில் காயப்போட்ட கொப்பிகள் ரோஸ் நிறமாக வந்தன. வருடம் முழுக்க அதில்தான் எழுதினார்கள்.

அந்த ஆமிக்காரனுக்கும் ஒன்று கொடுத்தீர்களா என்று இங்கே சிலர் கேட்பதுண்டு. இல்லை. கொஞ்சம்தான் இருந்தது.

கடையில் தூரம் கேட்கச் சொல்வது இதனால்தான். திருச்சித் தம்பிக்கு இப்போது விளங்கியிருக்கும். அடுத்தமுறை யாராவது ஹாமில்டன் என்றால் குளிர்ப்பெட்டியும் சேர்த்து விற்கவும்.

இனி எழுதப்போவது உங்கள் எல்லாருக்கும் இல்லை, கணக்குப் பிரிவில் இருக்கும் பிள்ளைக்கு. அவர் தாயார் அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவி. இங்கே ஆக்லண்டில் இருக்கிற பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆண்டு மலர் போடுகிறார்கள். பின் அட்டை விளம்பரம் நம்முடையது என்பதால் அச்சுக்குப் போகும் பக்கங்களை அந்தப் பிள்ளைதான் பார்க்கக் கொண்டுவந்து தந்தார். பார்த்தேன். 'போருக்குப் பின் ஆசிரியர்களின் அர்ப்பணிப்பாலும் பெற்றோரின் ஒத்துழைப்பாலும் பாடசாலை மீண்டும் இயங்கத் தொடங்கியது' என்று இருக்கிறது. அர்ப்பணிப்பு சரி. பெரிய ரீச்சர் இப்போது இல்லை. அவரைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் எழுதினாலும் தகும். ஒத்துழைப்பு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். சென்றிக்கு அந்தப் பக்கம் கத்திக்கொண்டு நின்றது. அதையும் நான் வெட்டச் சொல்லவில்லை.

அந்த வரியில் 'ஐஸ்பழத்தாலும்' என்று ஒரு சொல் சேர்க்கவேண்டும். பக்கத்தில் என் பெயர், தலைப்பெழுத்தோடு முழுதாக. பெரிய ரீச்சரின் பெயருக்குக் கீழே போடலாம்; யோசனையில் பாதி அவருடையது. ஐஸ் முழுதும் என்னுடையது. கடைசிப் பக்கத்தில் 'நலன்விரும்பிகள்' என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்குள் என்னைத் தள்ளவேண்டாம். நான் நலன் விரும்பவில்லை. ஐஸ்பழம் செய்தேன்.